எதிர்ச்சுவருக்கு ஓர் அருவி

லென்ஸில் மாட்டிய ஃபில்டர் அசையவில்லை. இடது கையால் லென்ஸைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மறுபடியும் திருகிப் பார்த்தாள். விரல்நுனி சிவந்ததுதான் மிச்சம்.

"லூசா இருந்துச்சு அண்ணி. தண்ணியில விழுந்துருமேன்னு நான்தான் நல்லா டைட் பண்ணேன்," என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார்.

அவள் லென்ஸையே குனிந்து பார்த்தாள். வாயைத் திறந்தால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியாது.

எதிரே அருவி கொட்டிக்கொண்டிருந்தது. குளிர் விட்டு மரங்களில் இளந்தளிர் கண்டிருந்தது. மேலே மலையில் உருகிய பனியெல்லாம் சேர்ந்து ஆறு நிறைந்து வந்தது. அருவியைப் படம் எடுக்கச் சொல்லித் தரும் ஒருநாள் பயிற்சி. சின்னக் குழு, அமைதியான சூழல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அமைதி என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் பேர் கொடுத்தாள். சொல்லித் தருபவரை எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். தன்னைவிடக் கனமான காமிராப் பையோடு ஓர் ஆடிட்டர் வந்திருந்தார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, அருவியை விட்டுவிட்டு ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டிருந்தது. நாத்தனாரிடம் காமிராவே கிடையாது. "தனியா எதுக்குப் போற, இவளும் வீட்டுலயே அடைஞ்சு கிடக்கறா," என்று கணவன் சொன்னான். வேண்டாம் என்பதற்கு அவள் ஒரு காரணம் யோசித்து முடிப்பதற்குள் நாத்தனார் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றாள்.

நாத்தனார் கடந்த வருஷம் நுரையீரலில் நோய் வந்து, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுத் தேறியவள். தேறிய நாளிலிருந்து வாய் ஓயவில்லை. வேனில் ஏறியதிலிருந்து டிரைவரின் முதுகுவலி, எதிர்வீட்டு நாய், நனைந்தால் எந்தத் துணி சாயம் போகும், எல்லாம் பேசியாகிவிட்டது.

அவளுக்குப் பேச்சு என்றால் பாரம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. நாள் முழுக்க அந்நியர்களை நிமிர்ந்து நில்லுங்கள், திரும்புங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரமாவது யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கணவனுக்கு அது தெரியும். நாத்தனாருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் பொருட்படுத்துவதில்லை.

ஆனாலும் இன்று அவள் வந்தது அமைதிக்காக மட்டும் இல்லை. அவள் பிரிவுக்கு வெளியே நடைவழியில் ஒரு பெஞ்சு இருக்கிறது. படம் எடுத்து முடித்தவர்கள் முடிவு தெரியும்வரை அதில் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே வெறும் சுவர். அதில் ஒரு கால்சியம் மாத்திரைக் கம்பெனியின் போஸ்டரை ஒட்டப்போவதாக மேனேஜர் சொன்னார். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு ஓர் எலும்புக்கூடு பால் குடிக்கும் போஸ்டர். எந்த மீட்டிங்கிலும் வாயைத் திறக்காத அவள் அன்று அவர் அறைக்குள் போய், "நான் ஒரு படம் கொண்டு வர்றேன் சார். தண்ணி படம்," என்றாள்.

"திங்கக்கிழமை கொண்டாங்க. இல்லன்னா எலும்புதான்," என்றார் மேனேஜர்.

விஷயம் பிரிவு முழுக்கப் பரவியது. "மேடம் ஸ்டுடியோ போடறாங்களாம்," என்று சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் முகங்களை அவள் வருஷக்கணக்காகப் பார்த்தவள். அவர்கள் கண்ணுக்கு எதிரே, பட்டுபோல இறங்கும் தண்ணீர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை.

பட்டுபோல வரவேண்டுமானால் லென்ஸின் முன்னால் அந்த ஃபில்டரை, கறுப்புக் கண்ணாடியை, திருகி மாட்ட வேண்டும். அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பிறகு ஷட்டரை ஒரு நிமிஷத்துக்கு மேல் திறந்தே வைக்கலாம். துளித்துளியாகத் தெறிக்கும் தண்ணீர் படத்தில் ஒரே வழுவழுப்பாக விழும். என்ன எடுக்கப்போகிறோம் என்பதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி ஏறிய பிறகு காமிராத் திரையில் கும்மிருட்டு. அவள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. சோதனைக்காகத்தான் ஒரு சுற்று மாட்டி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் நாத்தனார் உதவி செய்துவிட்டாள்.

ஆடிட்டர் கைக்குட்டையைச் சுற்றித் திருகிப் பார்த்தார். "பித்தளை வளையம் வச்சது வாங்கியிருக்கணும் மேடம். இது கடிச்சுக்கும்." இன்னொரு முறை முக்கினார். "சம்சாரத்துக் கோபம் மாதிரி. நாம வற்புறுத்தற அளவுக்கு இறுகுது."

"அப்ப உங்களுக்குப் பழக்கம் இருக்கணுமே," என்றாள் நாத்தனார்.

ஆடிட்டர் சத்தமாகச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாஸ்டர் வந்தார். இருப்பதிலேயே நல்ல பாறையில் தன் காமிராவை நிறுத்திவிட்டு, அவ்வப்போது மட்டும் மற்றவர்களை எட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். லென்ஸைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க கழட்ட முடியாது. கடைக்குத்தான் போகணும். இருக்கறபடியே எடுங்க மேடம். தண்ணிய ஃபீல் பண்ணுங்க."

"ஒன்னுமே தெரியலயே சார்."

"அதான் சொல்றேன். ஃபீல் பண்ணுங்க." பாறைக்குத் திரும்பிவிட்டார்.

காமிராவின் ட்ரைபாட் நின்றது ஒரு மரப்பலகை மேடையில். குத்துமதிப்பாகக் காமிராவை அருவிப் பக்கம் திருப்பி ஷட்டரைத் திறந்தாள். பாதியில் புது மாப்பிள்ளை மேடையில் தடதடவென்று ஓடி வந்தான். பலகை அதிர்ந்தது. படத்தில் அருவி இரண்டாகத் தெரிந்தது. காமிராவை மயிரிழை நகர்த்தி மறுபடி திறந்தாள். இந்த முறை நாத்தனார் தட்டு தேடி நடந்தாள். அடுத்த முறை நாத்தனார் குளிருக்குக் காலை உதறினாள். அதற்கடுத்த முறை யாரும் நடக்கவில்லை, ஆனால் படத்தின் முக்கால் பங்கில் பாறைதான் இருந்தது. சாரல் லென்ஸில் விழுந்தது. துடைத்தாள். துடைத்த துணியே ஈரமாகி, கண்ணாடியில் கோடு கோடாக இழுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிமிஷம் காத்திருந்து, ஒவ்வொன்றாக அழித்தாள். ஒருநாள், ஒரே ஒருநாள் தனக்கென்று கேட்டால் அதுவும் இப்படித்தான் போகும்போல.

மேகம் ஒதுங்கி, வெளிச்சம் அருவியின் மேல் சமமாக விழுந்தது. காமிராவும் ஒருவழியாகச் சரியான கோணத்துக்கு வந்திருந்தது. கடைசியாக வந்த படத்தில் நடுக்கம் ஒன்றுதான் குறை. அவள் ஷட்டரைத் திறந்தாள்.

"அண்ணி, இந்தத் தண்ணி எல்லாம் எங்க போகுது? கீழ ஊருக்கா?" நாத்தனார் மேடையோரத் தடுப்புக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். பலகை முனகியது.

"கொஞ்ச நேரம் சும்மா இருக்கவே முடியாதா உன்னால?" அவள் குரல் அருவியின் இரைச்சலைத் தாண்டிப் போனது. "காலையிலேருந்து வாய் வாய் வாய். உன்ன யார் கூப்பிட்டா? எதையாவது தொட்டுக் கெடுக்கறதுக்குன்னே வந்தியா?"

ஆடிட்டர் தன் காமிராவில் எதையோ மும்முரமாகத் தேடினார். ஜோடி அப்படியே நின்றது. நாத்தனார் கம்பியை விட்டாள். அவள் முகம் மாறவில்லை. வாய் மட்டும் மூடிக்கொண்டது. ஒரு பலகையும் முனகாதபடி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

அவள் மறுபடி ஷட்டரைத் திறந்தாள். மேடையில் யாரும் அசையவில்லை.

படம் வந்தது. கறுத்த பாறைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று, மடிப்பு மடிப்பாக, நினைத்ததைவிட நன்றாக வந்தது. மாஸ்டரே பாறையை விட்டு இறங்கி வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"இன்னிக்கு எடுத்ததுலயே இதான் டாப். ஃபைலை அனுப்புங்க. காலையில பிரிண்ட் போட்டு வைக்கறேன்."

எல்லாரும் வந்து பார்த்தார்கள். நாத்தனாரும் எழுந்து வந்தாள். "நல்லா இருக்கு அண்ணி," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

திரும்பும்போது வேனில் பக்கத்துப் பக்கத்து சீட். நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். டிரைவரே இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்தார், என்ன ஆச்சு என்பதுபோல. காலையில் அவள் ஏங்கிய அமைதி இதுதான். இப்போது அது தொண்டையில் சிக்கிய சோற்றுப் பருக்கை மாதிரி இருந்தது, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல். மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

"ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு எதிர்ல மாட்டத்தான் இந்தப் படம்," என்றாள் கடைசியில்.

"தெரியும். அண்ணன் சொல்லுச்சு."

"நீயும் உக்காந்திருக்கியே அங்க. இது இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"

நாத்தனார் யோசித்தாள். "அந்த பெஞ்சுல உக்காந்தா யாரும் சுவத்தப் பாக்க மாட்டாங்க அண்ணி."

"பின்ன?"

"பக்கத்துல நீங்க படம் பாக்கற கம்ப்யூட்டர் ரூம் கதவு இருக்குல்ல. அதுக்குக் கீழ இடைவெளி இருக்கு. உங்க செருப்பு தெரியும். அந்தப் பக்கம் போகும், இந்தப் பக்கம் வரும். நான் அதையேதான் பாத்துட்டு இருந்தேன். இன்னும் மூணு பேர் இருந்தாங்க, அவங்களும் அதான். செருப்பு நின்னுச்சுன்னா, சரி, ஏதோ தெரிஞ்சுருச்சு, கதவு தொறக்கப்போகுதுன்னு பெஞ்ச இறுகப் பிடிச்சுக்குவேன். நடக்க ஆரம்பிச்சா மூச்சு வரும்."

அன்று நாத்தனாரின் நெஞ்சுப் படத்தை அவள்தான் முதலில் பார்த்தாள். டாக்டர் வந்து சொல்லும்வரை எந்த முகத்தோடு வெளியே போவது என்று தெரியாமல் அந்த அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

"இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். எரிச்சல் குரலில் அப்படியே இருந்தது.

"நீங்க எங்க அண்ணி கேட்டீங்க? நான் பாட்டுக்குப் பேசிட்டேதான் இருந்தேன்."

முன்சீட்டிலிருந்து மாஸ்டர் திரும்பினார். "மேடம், பிரிண்ட் எந்த சைஸ்ல போடலாம்?"

அவள் குனிந்து பார்த்தாள். மடியில் காமிரா இருந்தது, கழற்ற முடியாத கறுப்புக் கண்ணாடியோடு.

"பெருசாவே போடுங்க," என்றாள். "எலும்புக்கூட்டுக்கு இது தேவலாம்."

நாத்தனார் சிரித்தாள். அவளால் சிரிக்க முடியவில்லை. நாளைக் காலையில் பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறைக்குள் இனிமேல் எப்படி நடப்பது, எங்கே நிற்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.