ஏழு முடிச்சுப் போட்ட கத்தி

மருமகளுக்கு நொட்டாங்கை. மாமனாருக்குப் பயம். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு கத்தியை ஊருக்குள் எடுத்துப் போவதென்றால் சும்மாவா?

அவள் சமையல்காரி. ஊர் நடுவில் இருந்த பெரிய ஓட்டலில் அன்று காலை பத்து மணிக்குப் பரீட்சை. ஒரு நாள் முழுக்க வெட்டிக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் வேலை. எட்டு மாதமாக வீட்டு வெங்காயத்தை மட்டுமே மிரட்டிக்கொண்டிருந்தவளுக்கு இது தானாகக் கதவைத் தட்டி வந்த வாய்ப்பு. ஆனால் அந்த ஓட்டலில் இருக்கும் கத்திகளெல்லாம் சோத்துக்கைக்காரர்களுக்காக ஒரே பக்கம் சாணை பிடித்தவை. அவள் கைக்கு வந்தால் குடித்துவிட்டு வந்தவன் மாதிரி ஒரு பக்கமாகவே சாயும். அதனால் தன் கத்தியைத் தானே கொண்டுபோக வேண்டியிருந்தது.

மாமனார் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த புதுச் சட்டத்தை மூன்று தடவை படித்துவிட்டு வந்திருந்தார். பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் நியாயமான காரணம் இருக்க வேண்டும். சட்டென்று கைக்கு எட்டாதபடி மூடியிருக்க வேண்டும். 'மறந்துபோய் பையில் போட்டுவிட்டேன்' என்பது செல்லாது. மீறினால் கத்தியும் போகும், வழக்கும் வரும். வழக்கு உள்ளவளை எந்த ஓட்டல் அடுக்களைக்குள் விடும்?

மனிதர் முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீசில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்தவர். கத்திக்கு அட்டையில் உறை செய்தார். துண்டில் சுற்றினார். பிஸ்கட் டப்பாவில் வைத்தார். டப்பாவுக்குக் காக்கித்தாள் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்.

"மாமா, கத்தியைக் கட்டறீங்களா, பேயைக் கட்டறீங்களா?"

"முடிச்சு மேல விரலை வைம்மா."

வைத்தாள். ஏழு முடிச்சு, ஏழு தடவை. கண் கடிகாரத்திலேயே இருந்தது. கடைசியில் டப்பா மேல் ஒரு சீட்டை வேறு ஒட்டினார். அனுப்புநர், பெறுநர், உள்ளே இருப்பது என்று அவருடைய குண்டு குண்டு எழுத்தில் ஏதேதோ. மற்றதைப் படிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

பேருந்தில் பக்கத்து சீட்டு அம்மாவுக்குப் பொறுமை இருந்தது. இவள் மடியில் இருந்த டப்பாவை எட்டிப் பார்த்து, "உள்ளே இருப்பது... கத்தி, ஒன்று" என்று வாய்விட்டுப் படித்தாள். அடுத்த நொடி எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். போகும்போது, "நல்லாத்தானேம்மா இருக்கே பாக்க?" என்று ஒரு கேள்வி வேறு. இவளுக்கு மானம் கப்பலேறியது. இறங்கியதும் முதல் வேலையாகச் சீட்டைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

இருபதடி தள்ளி, நிலையத்து வாசலில், பை சோதனை.

தொப்பைக்காரப் போலீஸ்காரர் ஒருவர், கெடுபிடியான போலீஸ்காரம்மா ஒருவர். டப்பா இயந்திரத்துக்குள் போனதும் அது கத்தியது.

"என்னம்மா உள்ள?"

"கத்தி சார். சமையல் வேலைக்குப் போறேன்."

"ஓட்டல்ல கத்தி இருக்காதா? நீ எதுக்குச் சுமக்கறே?"

"எனக்கு இடது கை சார்."

"இதெல்லாம் ஒரு காரணமா?" என்றார் போலீஸ்காரம்மா. "வேலைக்கான கடிதாசி ஏதாவது இருக்கா?"

இல்லை. எல்லாம் போனில் பேசியதுதான். தலைமைச் சமையல்காரரின் கைபேசிக்கு அடித்தாள். அடுப்பு முன்னால் நிற்பவர் எங்கே எடுக்கப்போகிறார்? மணி ஒன்பது நாற்பது.

"பிரிச்சுப் பாப்போம்" என்றார் தொப்பைக்காரர்.

பிரிக்க முடிந்தால்தானே! முதல் முடிச்சில் நகம் உடைந்தது. இரண்டாவதைப் பல்லால் கடித்தார். "ஏம்மா, கத்திரிக்கோல் வெச்சிருக்கியா?"

"வெச்சிருந்தா அதையும் பிடிச்சிருப்பீங்களே சார்!"

அவர் கண், அன்று பறிமுதல் செய்த கத்திகள் கிடந்த பெட்டிப் பக்கம் போனது.

"சார், அது சாட்சிப் பொருள்" என்றார் போலீஸ்காரம்மா.

"இதைக் கட்டின புண்ணியவான் யாரு?"

"என் மாமனார்."

"இந்தக் கத்தியால யாரையாவது குத்தணும்னா, அவன் வயசாகித் தானா செத்துடுவான். கைக்கு எட்டாத மாதிரிங்கற விஷயத்துல நீ பாஸாயிட்டேம்மா. காரணம்தான் இடிக்குது."

ஒன்பது ஐம்பதுக்கு ஏழாவது முடிச்சு அவிழ்ந்தது. டப்பாவைத் திறந்தால், துண்டுக்கு மேலே இன்னொரு சீட்டு. அதே குண்டு எழுத்து.

போலீஸ்காரம்மா உரக்கப் படித்தார். "அனுப்புநர்: மாமனார். பெறுநர்: தலைமைச் சமையல்காரர். உள்ளே இருப்பது: கத்தி, ஒன்று, இடது கைக்கானது. காரணம்: சமையல் வேலை, இன்று காலை பத்து மணி. நேற்று ஓட்டல் அலுவலகத்தில் பேசி உறுதி செய்தேன். சந்தேகமிருந்தால் இந்த எண்ணில் கூப்பிடவும்."

கூப்பிட்டார். "ஆமாங்க, பத்து மணிக்கு வரணும், இன்னும் காணோமே" என்று ஓட்டல் அலுவலகத்துப் பெண்குரல் சொன்னது இவளுக்கே கேட்டது.

சீட்டில் கடைசியாக ஒரு வரி மிச்சமிருந்தது. அதைப் படிக்கும்போது போலீஸ்காரம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "மதிப்பு: கத்தி, சொற்பம். கொண்டுவருபவர்: ஈடு கட்ட இயலாது. பத்திரமாக அனுப்பிவைக்கவும்."

தொப்பைக்காரர் டப்பாவை மூடி, தனக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டுக் கொடுத்தார். "ஓடும்மா. குறுக்கால அந்தச் சந்துல போனா அஞ்சு நிமிஷம்."

இருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டு ஓடினாள். ஐந்து நிமிஷம் தாமதம். தலைமைச் சமையல்காரர் முறைத்தார். மாலையில், அவள் நறுக்கியதை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பத்துன்னா பத்துக்கு வா" என்றார். அவர் அகராதியில் அதற்கு வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டு வாசலிலேயே மாமனார் நின்றிருந்தார். வேலை கிடைத்ததா என்று கேட்க அவருக்குப் பயம். அதனால், "பார்சல் சேதமில்லாமப் போச்சாம்மா?" என்றார்.

"போச்சு மாமா. வேலையும் கிடைச்சிடுச்சு." பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "மேல ஒட்டின சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன் மாமா. வெக்கமா இருந்துச்சு. உள்ள இருந்தது இல்லேன்னா இன்னிக்கு நான் போலீஸ் ஸ்டேஷன்ல."

அவருக்குக் கோபமே வரவில்லை. "மேல ஒட்டினது எப்பவும் வழியில போயிடும்மா. அதுக்குத்தான் உள்ள ஒண்ணு வெக்கறது" என்றவர், டப்பாவைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தார். "யாரு போட்ட முடிச்சு இது? கர்மம்!"

மறுநாள் அவர் கூப்பிடும் முன்பே அவள் டப்பாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் கயிற்றை இழுத்ததும், கேட்காமலே முடிச்சு மேல் விரலை வைத்தாள். ஏழாவது முடிச்சு முடியும்வரை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அரை மணி முன்னதாகவே எழுந்திருந்தாள்.