சுவரோரச் சருகு

மகளின் காதுக்குப் பின்னால் அதைப் பார்த்தபோது மச்சம் என்றுதான் நினைத்தேன். மச்சத்துக்குக் கால்கள் இருந்தன.

பிடுங்கிப் போட்டு மறந்தும்விட்டேன். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் குழந்தை துவண்டு போனாள். இப்போது தேறிவிட்டாள். நாளை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார் டாக்டர்.

"வீட்டுப் பக்கத்துல சருகு, புதர் இருந்தா முதல்ல அப்புறப்படுத்துங்கம்மா. எலியும் உண்ணியும் அங்கதான் குடியிருக்கும். சந்தேகம்னா ஒரு வெள்ளைத் துணியை மேல இழுத்துப் பாருங்க."

சந்தேகமே இல்லை. எங்கள் குடியிருப்பின் முன்புறப் புல்வெளியை அழகாகச் சீவி, வெட்டியதையெல்லாம் பின்வரிசை வீடுகளின் சுவரோரம் கொட்டுவார்கள். மகளின் ஜன்னலுக்குக் கீழே அது இடுப்பளவு வளர்ந்திருந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனேன்.

"மருந்து அடிச்சாச்சு, தங்கச்சி."

"எங்க அடிச்சீங்க அண்ணே?"

"முன்னாடி புல்வெளி பூரா. சும்மா பளபளன்னு இருக்கு, பாக்கலையா?"

"குவியல் பின்னாடி இருக்கே."

"அது யார் கண்ணுக்கும் படாத இடம். ஆமா, உங்க வீட்ல நாய் கீய் வளர்க்கறீங்களா?"

நாங்கள் நாய் வளர்க்கவில்லை. "சரிங்க அண்ணே" என்று திரும்பினேன். கோபம் வந்தால் என் குரல் இறங்கிவிடும். அதைப் பொறுமை என்று சொல்லி எல்லோரும் மெச்சுவார்கள். நானும் நம்பியிருந்தேன்.

"சாயந்தரம் சங்கக் கூட்டத்துல பக்குவமா எடுத்துச் சொல்லலாம். யாரையும் பகைச்சுக்காதே" என்றார் கணவர்.

"பக்குவத்தை நீங்க பாத்துக்குங்க. உங்க பேன்ட் ஒண்ணு குடுங்க."

பேன்ட்டின் நுனிகளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, கட்டிலில் கிடந்த வெள்ளை விரிப்பை உருவி எடுத்துப்போய், குவியல் மேலும் ஓரப் புல்லிலும் இழுத்தபடி நடந்தேன்.

"என்னக்கா, துணி துவைக்கப் புது வழியா?" மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

விரிப்பைத் திருப்பிக் காட்டினேன். எள்ளைத் தூவினாற்போல் இருந்தது. எள் நகர்ந்தது.

"ஐயோ, என் பையன் அங்கதான் பந்து பொறுக்கப் போவான்!" அவள் சிரிப்பை அங்கேயே போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

விரிப்பைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் திணித்து இறுக முடிச்சுப் போட்டோம்.

கூட்டத்தில் வாசல் கேட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பையைச் செயலாளர் முன்னால் மேஜையில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யார் கண்ணுக்கும் படாத இடம்னு சொன்னீங்களே, அதான் கொண்டு வந்தேன். முடிச்சை அவிழ்க்கட்டுமா?"

என் குரல் இறங்கவில்லை. அது எனக்கே புதிதாக இருந்தது.

"என்ன தங்கச்சி இது... நாகரிகமா பேசித் தீத்துக்கலாமே..."

"தங்கச்சி மகள் நாளைக்கு வீட்டுக்கு வர்றா. மாமன் என்ன செய்யப் போறீங்க?"

பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது: "வண்டி எங்க இருக்கு சார்? சருகு அள்ற தள்ளுவண்டி?"

செயலாளர் ஷெட்டுச் சாவியைத் துழாவினார். "இப்பவே ஆளை அனுப்பறேன். முதல்ல இதை எடுங்க தங்கச்சி."

விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தேன்.

"அதை எடுத்தப்புறம் இதை எடுக்கறேன்."