காகித ஆண்டுகள்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆர்டெல் ப்ரூயிட் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தான். லிஃப்ட் இருக்கிறது, அவன் அதில் ஏறமாட்டான். நூற்று நாற்பது கிலோ உடம்பை, இரண்டு முறை அறுத்துத் தைத்த முட்டியோடு, ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வரும் சத்தம் எனக்கு அறைக்குள்ளிருந்தே கேட்கும். கேட்டதும் எதிர் நாற்காலியில் குவிந்திருக்கும் கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்துவிடுவேன். வேறு யாரும் அதில் வந்து உட்காருவதில்லை. வருடம் முழுக்க அது கோப்புகளுக்கான நாற்காலிதான்.

என் பெயர் லீலண்ட் க்ரூஸ். மில்வாக்கியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் பதினேழு ஆண்டுகளாக ஒப்பந்தக் கணக்கு பார்க்கிறேன். ஓர் அணி தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஓர் ஆண்டில் இவ்வளவுக்கு மேல் சம்பளம் எழுதக்கூடாது என்று லீக் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே அத்தனை ராட்சசர்களையும் தலை இடிக்காமல் நிறுத்துவது என் பிழைப்பு. இடம் போதாவிட்டால் ஒருவன் வெளியே போகவேண்டும். யார் என்று முடிவு செய்வது மேலாளர். ஆனால் பட்டியல் என் மேசையிலிருந்துதான் கீழே போகிறது. அதனால் வீரர்கள் மத்தியில் என் பார்வை சனிப்பார்வை. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு போய் உட்கார்ந்தேன் என்றால் அந்த மேசையில் எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. ஒருமுறை புதிதாக வந்தவன் ஒருவனைப் பார்த்துச் சும்மா சிரித்துவைத்தேன். அவன் அன்று மாலையே தன் ஏஜென்டைக் கூப்பிட்டு, எனக்கு நாள் குறித்துவிட்டார்களா என்று அழுதானாம். அதோடு சரி, ரொட்டியை மேலே கொண்டுவந்து தின்னப் பழகிக்கொண்டேன். வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி மார்லீன் அரிசோனாவுக்குப் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. சண்டை எதுவும் இல்லை. சண்டை போடவாவது இரண்டு பேர் பேசவேண்டும் அல்லவா.

ஆர்டெல் மட்டும் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. பந்தை எறிகிறவனை அடிக்க ஓடிவரும் மலைகளை நெஞ்சால் தடுத்து நிறுத்துவது அவன் வேலை. நான் எல்லாம் அவனுக்கு எந்த மூலைக்கு. ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் முதன்முதலாக அவன் ஒப்பந்தத்தை மாற்றி எழுதியபோது, மற்றவர்களைப் போல இருந்த இடத்திலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பாமல் நேராக மேலே வந்தான். என்ன எழுதியிருக்கிறேன் என்று வரிவரியாகச் சொல்லச் சொன்னான். சொன்னேன். இந்த ஆண்டுச் சம்பளத்தை முன்பணமாக இப்போதே கையில் கொடுத்துவிடுகிறோம், ஆனால் கணக்கில் அதைத் துண்டு போட்டு வரும் ஆண்டுகளின் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம், இந்த ஆண்டு எங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்றேன். நடுவில் நான் போய்விட்டால் என்று கேட்டான். மிச்சச் சுமை மொத்தமும் ஒரே நாளில் அணியின் தலையில் விழும் என்றேன். அவன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் வாசலிலேயே நின்று, யோவ் கணக்கு, இந்த வருஷம் என்னத்தை என் தலையில கட்டப்போற என்று கேட்டுக்கொண்டே வருவான். கையெழுத்து முடிந்ததும் வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட என்னை ஆற்றோரக் கடைக்கு இழுத்துப்போவான். தவக்காலத்து வெள்ளி என்றால் இந்த ஊரே மீனும் உருளைக்கிழங்கு அடையுமாகத்தானே இருக்கும். அவன் மூன்று தட்டு, நான் ஒன்று. அலபாமாவில் அவன் அப்பா ஓட்டிய மரம் ஏற்றும் வண்டியைப் பற்றிப் பேசுவான், மகள் டெலியாவைப் பற்றிப் பேசுவான். வருடத்தில் ஒரு சாயங்காலம். மற்ற நாட்களை நான் அதை வைத்து ஓட்டினேன் என்று சொன்னால் யாரும் சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அணிக்கு அவசரமாக இடம் தேவைப்பட்டது. வேறு இரண்டு பேரின் ஒப்பந்தங்களில் கைவைத்திருக்கலாம். நான் ஆர்டெலுடையதை எடுத்தேன். அவனுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு வயதாகும் ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்தேன். அந்த ஆண்டுகளில் அவன் ஆடப்போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். சுமையை இறக்கிவைக்க மட்டும் இருக்கும் ஆண்டுகள் அவை, வெறும் காகிதம். அடுத்த மார்ச்சில் மறுபடி செய்தேன். மேலாளரிடம் இதுதான் சுலபம் என்றேன். உண்மை வேறு. அவன் முட்டி போய்க்கொண்டிருந்தது. யாராவது ஒருநாள் அவன் பெயரைச் சுழித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவனை அனுப்பினால் அணி திவாலாகும் என்கிற அளவுக்குச் சுமையை ஏற்றிவைத்துவிட்டால் யாராலும் அவனைத் தொடமுடியாது. ஒரு நண்பனுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும் என்று எனக்குள் ஒரே பெருமை. அவனிடம் சொல்லவில்லை. நல்லது செய்துவிட்டுச் சொல்லிக்காட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் திங்கட்கிழமை மேலாளர் ஹால்வர்சன் என்னைக் கூப்பிட்டார். ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்த்து வீரர்களைத் தேடியவர் அவர், எண்களைக் கண்டால் தலைவலி வரும். ப்ரூயிட்டை விட்டுவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஜூன் வழியிலும் முடியாதா என்றார். அது ஒரு சலுகை. ஆண்டுக்கு இரண்டே பேரை மார்ச்சில் அனுப்பிவிட்டு ஜூனில் அனுப்பியதாகக் கணக்கெழுதலாம், மிச்சச் சுமை அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். இந்த ஆண்டு அந்த இரண்டு இடமும் காலியாகக் கிடந்தன. அதிலும் கட்டுப்படியாகாது என்று கண்ணிமைக்காமல் சொன்னேன். பதினேழு ஆண்டுகளில் எண்களைப் பற்றி நான் சொன்ன முதல் பொய். ஆர்டெலைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை அவன் வந்து உட்கார்ந்தபோது வழக்கமான கேள்வி வரவில்லை. தொப்பியைக் கழற்றி முட்டியின் மேல் வைத்துக்கொண்டான்.

"யோவ் கணக்கு, என்னை விட்டுருய்யா," என்றான்.

டெலியாவுக்குப் பதினொரு வயது, அம்மாவோடு டகோமாவில் இருக்கிறாள். அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கும் அணி ஒன்றின் பயிற்சியாளர் ஆர்டெலின் ஏஜென்டிடம் சொல்லியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் அவன் விடுபட்டு வந்தால் கடைசியாக ஓர் ஆண்டுக்கு எடுத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் சனிக்கிழமை வேறொருவன் கையெழுத்துப் போடுகிறான். எங்கள் பக்கமும் வெள்ளிக்கிழமைதான் கெடு. மதியம் மூன்று மணிக்கு அவன் பெயர் எங்கள் பட்டியலில் இருந்தால் இந்த ஆண்டுச் சம்பளம் உறுதியாகிவிடும் என்று நானே எழுதிவைத்த ஷரத்து. அப்புறம் ஜூனும் கிடையாது, ஜூலையும் கிடையாது.

"ஹால்வர்சன்கிட்ட கேட்டுட்டேன். எனக்கும் உன்னை அனுப்பலாம்னுதான் இருக்கு, மேல இருக்கறவரு முடியாதுங்கறாருன்னாரு. நான் கடவுளத்தான் சொல்றாராக்கும்னு நெனச்சுட்டேன்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "போன மாசம் டெலியாகிட்ட ஃபோன்ல, அப்புறம் என்னடா கண்ணுன்னு கேக்கறேன். பேச ஒண்ணும் இல்லப்பான்னுட்டா. பதினோரு வயசுல ஒரு புள்ளைக்கு என்னய்யா பேச ஒண்ணும் இல்லாமப் போகும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வழி இருக்கிறது, காலையிலேயே காகிதத்தை அனுப்பிவிடலாம் என்று ஒரே வாக்கியம். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் என் தோளில் கைவைத்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனான். என்னை நம்பினான். அந்த அழுத்தம் நாள் முழுக்க வலித்தது.

வியாழன் முழுவதும் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். அங்கே போனால் முட்டி தாங்குமா. போய் ஆறே வாரத்தில் அவர்களும் அனுப்பிவிட்டால். மகள் அங்கேயும் பேசாவிட்டால். இங்கே இருந்தால் சம்பளம் உறுதி, மருத்துவர் தெரிந்தவர். எல்லா வாதமும் அவன் நன்மைக்காகத்தான் இருந்தது. அதுதான் எனக்கே சந்தேகத்தைக் கிளப்பியது. கடைசியில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் அடியில் கிடந்தது ஒன்றே ஒன்று. அவன் போனால் அந்த நாற்காலியில் உட்கார ஆள் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு காரணத்துக்காக இன்னொருவன் பிள்ளையை ஃபோனில் காத்திருக்க வைத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தும் வெள்ளி மதியம் ஒன்றரை வரை நாற்காலியை விட்டு எழவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹால்வர்சன் தன் அறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். ஜூன் வழியில் ப்ரூயிட்டை விடலாம், இந்த ஆண்டுக்குப் பழுதில்லை, அடுத்த ஆண்டு கொஞ்சம் இறுக்கும்.

"திங்கக்கிழமை முடியாதுன்னீங்களே, க்ரூஸ்."

"திங்கக்கிழமை பொய் சொன்னேன்."

உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "யாருக்காக?"

அவனுக்காக என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "எனக்காக," என்றேன்.

அவர் ஆரஞ்சை ஓரமாக வைத்தார். காகிதம் மூன்று மணிக்குள் லீக் அலுவலகத்துக்குப் போயாகவேண்டும், மற்றதைத் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார். திங்கட்கிழமை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. நானே எத்தனை பேருக்கு அந்தத் திங்கட்கிழமையைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். மேலே போய் ஒன்று ஐம்பதுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டேகாலுக்கு ஆர்டெல் வந்தான். வந்தவன் உட்காரவில்லை, மேசையைச் சுற்றி வந்து என்னை அப்படியே தூக்கிவிட்டான். என் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. டகோமாவுக்கு ஃபோன் போட்டானாம், டெலியா முதலில் நம்பவில்லையாம், பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாளாம். அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"என்ன மந்திரம்யா போட்ட? ஹால்வர்சனே கைய விரிச்சுட்டாரு. நீ எங்கிருந்துய்யா வழி கண்டுபிடிச்ச?"

அவன் கண்ணில் நான் அப்போது பெரிய ஆள். சும்மா சிரித்திருந்தால் போதும். டகோமாவிலிருந்து வருடத்துக்கு ஒரு ஃபோனாவது வந்திருக்கும், கிறிஸ்துமஸுக்கு மகளும் அவனுமாக நிற்கும் படம் போட்ட வாழ்த்து அட்டை வந்திருக்கும். அதை மேசையில் வைத்திருப்பேன். ஆனால் அந்த அட்டையை எந்த முகத்தோடு பார்ப்பது?

"கண்டுபிடிக்கல ஆர்டெல். வழி திங்கக்கிழமையே இருந்துச்சு. நான்தான் இல்லன்னு சொன்னேன்," என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. காகித ஆண்டுகளையும் சொன்னேன், வேறு இரண்டு பேர் இருந்ததையும் சொன்னேன், உன்னை யாரும் தொடக்கூடாது என்றுதான் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவன் என் செருப்பைக் குனிந்து எடுத்து என் காலருகே வைத்தான். பிறகு மெதுவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, எனக்கு முட்டி ஆப்பரேஷன் ஆச்சே. நீ இதைச் செய்யலன்னா அப்ப என்னை விட்டிருப்பாங்களா?"

ஹால்வர்சன் அப்போதும் கேட்டார். அப்போது நான் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை, எண்களே முடியாது என்றன. அந்த எண்களை அங்கே வைத்தது நான்.

"விட்டிருப்பாங்க," என்றேன்.

"அப்ப அவளுக்கு ஒம்பது வயசு." என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான். "ஒம்பது வயசுல, ஃபோன் அடிச்சா அம்மா கையிலேருந்து பிடுங்குவா. எனக்குப் பேச விடவே மாட்டா."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான். வாசலில் ஒரு கணம் நின்றான், ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். விமானத்துக்கு நேரமாகிறது என்றான். போய்விட்டான்.

மூன்று மணிக்குச் சற்றுமுன் லீக் அலுவலகத்திலிருந்து உறுதிக் கடிதம் வந்தது. சுமை சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க அடுத்த ஆண்டின் பக்கத்தைத் திறந்தேன். இறங்கியிருந்தது. அணியின் வீரர்கள் பெயரெல்லாம் முடிந்து, கொஞ்சம் வெற்றிடம் விட்டு, அணியில் இல்லாதவர்கள் என்று தனியாக ஒரு கட்டம். அதில் ப்ரூயிட், ஆர்டெல் என்று ஒரே ஒரு பெயர். எதிரே ஒரு பெரிய தொகை. அதற்குப் பக்கத்தில் முகவரி, இன்னும் இந்த ஊர் வீட்டு எண்தான் இருந்தது. ஆட்டக்காரன் போன அன்றே அதை மாற்றிவிடவேண்டும் என்பது விதி. பழைய முகவரியை அழித்தேன். டகோமாவில் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவனைத்தான் கூப்பிடவேண்டும். ஃபோனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பயிற்சி மைதானத்தில் பனி வாரும் வண்டி ஒன்று இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. திரையில் அவன் பெயருக்கு எதிரே அந்தச் சின்னக் கட்டம் வெள்ளையாக, எழுத்துக்காகக் காத்துக்கொண்டு இருந்தது.