சந்தனமும் காப்பிப்பொடியும்

கசார்வாடியில் லக்ஷ்மிநாராயணனின் ஃபிளாட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது சாமி படத்தை அல்ல. பக்கத்து வெள்ளைச் சுவரில் தட்டு அளவுக்கு இருக்கும் எண்ணெய்க் கறையை. தினமும் தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவி, அங்கே சம்மணம் போட்டு, மண்டையைச் சுவரில் சாய்த்துப் பேப்பர் படிப்பார். கல்யாணமான நாளிலிருந்து யாரையும் கேட்காமல் அவர் அனுபவித்துவந்த ஒரே உரிமை அது.

தொண்ணூற்றேழில் அதற்கு ஆபத்து வந்தது. ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க முடிவாயிற்று.

"சந்தனக் கலர்தான்," என்றாள் மனைவி சாவித்ரி. "பொட்டு எண்ணெய் பட்டாலும் காட்டிக் குடுத்துடும். இனிமே நீங்க நடு ஹால்ல, நாற்காலியில."

"காப்பிப்பொடி கலர் அடிச்சா எதுவுமே தெரியாது சாவி. சாயறவன் பாட்டுக்குச் சாய்ஞ்சுண்டிருப்பான்."

"குகையில குடித்தனம் பண்ண நான் என்ன கரடியா?"

பெயிண்டர் ஷிண்டே பல குடும்பங்களைப் பார்த்தவர். சுவரில் அடுத்தடுத்து இரண்டு கலரிலும் ஒரு கட்டம் அடித்தார். காய்ந்த பிறகு சொல்லுங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு நழுவினார்.

மறுநாள் வியாழன். பிம்ப்ரித் தொழிற்சாலையில் லக்ஷ்மிநாராயணனுக்கு வார விடுமுறை. டீச்சரான சாவித்ரிக்குக் கிடையாது. அவள் பஸ் ஏறியதும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டார், வழக்கத்தைவிடத் தாராளமாக. தன் கட்சியை நிரூபிக்கும் உத்தேசம். காப்பிப்பொடியில் சாய்ந்து விளையாட்டுப் பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பினார். அமாவாசை வானத்தில் தப்பி வந்த நிலா மாதிரி அவர் மண்டையின் அச்சு சுவரில் பளபளத்தது. வேட்டி நுனியால் துடைத்தார். நிலா பெரிதாயிற்று.

இனி நாற்காலிதான் கதி. கடைசியாக ஒரு தடவை என்று, துக்கத்தோடு சந்தனத்தில் சாய்ந்தார். தலையங்கம் முடிந்து திரும்பினால், ஒன்றையும் காணோம். மூக்குக்கண்ணாடி போட்டுத் தேடினார். எண்ணெய் சந்தனத்தோடு சந்தனமாகக் கலந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் சாவித்ரி செருப்பைக் கழற்றுமுன் சொன்னார்: "உன் இஷ்டம்தான் சாவி. சந்தனமே இருக்கட்டும்."

அவள் அவரைப் பார்த்தாள். நிலாவைப் பார்த்தாள். பிறகு சந்தனத்தின் அருகே போய் மூக்கை வைத்தாள். லக்ஷ்மிநாராயணனுக்கு மூச்சு நின்றது.

"இங்கயும் தேங்கா வாசனை வரது."

"வரது," என்று ஒப்புக்கொண்டார்.

"வரவா யாரும் சுவரை மோந்து பாக்கப் போறதில்லே." கைப்பையை மாட்டிவிட்டு உள்ளே நடந்தாள். "பேப்பர் மை மட்டும் படாம பாத்துக்கோங்கோ. அது தெரியும்."

நின்ற மூச்சு திரும்பிவந்தது. அடுப்பில் பால் ஏறுவதற்குள் அவர் தலையும் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.