மொண்டு ஊத்து

ஜம்ஜம் போத்தலின் வாயில் இறுகியிருந்த மெழுகை நூருன்னிசா கொண்டை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் மோட்டார் சத்தம் நின்றது.

கரண்டு போய்விட்டது. பழவேற்காட்டில் கரண்டு போவதற்கு நேரம் காலம் ஏது? நல்ல நாளிலேயே போகும், அன்றைக்கு மட்டும் இருந்துவிடுமா? அவள் கவனிக்கவில்லை. கட்டிலில் கிடந்த அப்துல் ஷுக்கூர் கவனித்தார். முந்தின நாளிலிருந்து கண்ணைத் திறக்காத மனுஷன், திறந்தார். இழுப்பு அவர் நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கையைக் கூடத்தின் பக்கம் நீட்டினார்.

"போ," என்றார். ஒரு மூச்சு இழுத்து, அதை விட முடியாமல் விட்டு, மறுபடியும் சொன்னார். "மொண்டு ஊத்து."

ஊரில் ஒருத்தனுக்குச் சீட்டாட்டப் பைத்தியம், இன்னொருத்தனுக்குப் புறாப் பைத்தியம். அப்துல் ஷுக்கூருக்கு, கடலை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிற பைத்தியம். கப்பலில் சமையல்காரராக ஓடிய காலத்தில் சிங்கப்பூரில் ஏதோ ஓட்டல் வாசலில் பார்த்தாராம். கப்பலை விட்டு வந்ததும் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, சந்துகளைப் புட்டிப் பசையால் அடைத்து, கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு தொட்டி கட்டிவிட்டார். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், பொழுது விடிந்தால் மீன் வாடை. அப்படிப்பட்ட ஊரில் மீனைக் கண்ணாடிக்குள் விட்டு வேடிக்கை பார்க்கிறவனைக் கண்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? வந்தவர்களெல்லாம், "குழம்புக்கு எப்ப எடுக்கப்போறீங்க பாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

கோட்டைக்குப்பத்து மீனவன் தேசப்பன்தான் எல்லாவற்றுக்கும் கூட்டாளி. கடலுக்கடியில் இருக்கும் பாறைப் பாரில் வலை சிக்கினால் கூடவே கல்லும் வரும். மற்றவர்கள் திட்டிக்கொண்டே கடலில் எறிவார்கள். தேசப்பன் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவருவான். அந்தக் கல்லில் விரல் விரலாக ஆடும் ஒரு கடல்பூ, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு, பெயர் தெரியாத பாசி. அவற்றுக்கு நடுவே மஞ்சளும் கறுப்புமாக வண்ணாத்தி மீன்கள். ஏரித் தண்ணீர் இவற்றுக்கு ஆகாது, மழை பெய்தால் சப்பென்று ஆகிவிடும். அதனால் முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்க் கடல் தண்ணீரைக் கேன்களில் பிடித்துவருவதும் தேசப்பன் வேலை.

பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் மோட்டார் இராப்பகலாகக் காற்றை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது ஒரு ஆள் நின்று, மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இழுப்புக்காரருக்கு அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெண்டாட்டி, பிள்ளை யாராக இருந்தாலும் எழுப்பி நிறுத்திவிடுவார்.

நூருன்னிசா போகாமல் இருந்திருக்கலாம். அவர் சொல்லி எத்தனையோ தடவை அவள் போகாமல் இருந்திருக்கிறாள். தொட்டியைத் தூக்கி ஏரியில் போடுங்கள் என்று சண்டை பிடித்திருக்கிறாள். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்து முடியாது என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? போத்தலைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இதோ வந்துடறேன்," என்றாள்.

மொண்டாள், ஊற்றினாள். முழங்கை வரை நனைந்தது. காது அறையிலேயே இருந்தது. இழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஊற்றுகிற சத்தத்தில் அது எப்போது கேட்காமல் போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. மோட்டார் உறுமித் தண்ணீரில் குமிழி எழுந்ததும், அப்பாடா என்று மக்கைத் தொட்டியிலேயே போட்டாள்.

"கரண்டு வந்துடுச்சுங்க," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.

அவர் வாய் திறந்திருந்தது. நாக்கு காய்ந்திருந்தது. கை இன்னும் கூடத்துப் பக்கமே நீண்டிருந்தது.

கஞ்சி காய்ச்சப் போயிருந்த நாத்தனார் பரக்கத் பீவியின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. அந்த ஜம்ஜம் தண்ணீர் அவள் ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. நேரம் வரும்போது உன் கையால் வாயில் விடு என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்தாள். நூருன்னிசா என்ன செய்கிறோம் என்று தெரியாமலே போத்தலை எடுத்துப் பக்கத்து அறை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் திணித்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பரக்கத் பீவி தம்பியின் கண்ணை மூடிவிட்டாள். தாடையைத் துணியால் கட்டினாள். கெட்டிக்காரி, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அழுதாள். அழுது முடித்ததும் கேட்டாள்.

"கலிமா சொன்னானா?"

"சொன்னாரு."

"என் ஜம்ஜம் தண்ணி தொண்டையில எறங்குச்சா?"

"எறங்குச்சுக்கா."

"நீ கூடவே இருந்தியா?"

"கூடத்தான் இருந்தேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் நூருன்னிசா வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வருகிற ஒவ்வொருத்தியிடமும் பரக்கத் பீவியே சொன்னாள். ஜம்ஜம் தண்ணி குடிச்சு, கலிமா சொல்லி, பொண்டாட்டி மடியில போனான் என் தம்பி, இந்த மாதிரி மவுத்து யாருக்குக் கெடைக்கும் என்றாள். மடி எங்கிருந்து வந்ததோ. பெண்கள் நூருன்னிசாவின் கன்னத்தைத் தடவி, குடுத்து வெச்சவ நீ என்றார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மையத்து அங்கேயே கிடக்கிறது, அவர் காதில் விழுமே என்றிருந்தது.

தகவல் போய், பெரியமேட்டுத் தோல் மண்டியிலிருந்து மகன் ஜலீல் பொன்னேரி வந்து பஸ் மாறி வீடு சேர மதியம் லுஹர் தொழுகை முடிந்துவிட்டது. வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி தேசப்பன் நின்றிருந்தான். இரண்டு பக்கமும் கடல் தண்ணீர்க் கேன்கள் தொங்கின. அவனுக்கு விஷயமே தெரியாது.

"காலீல கரண்டு இல்லியே தம்பி, பாய் வேற படுத்துனு கீறாரு, மீனுங்களுக்கு இன்னா ஆச்சோன்னு ஓடியாந்தேன்," என்றான். கூட்டத்தைப் பார்த்தான். கேன்களை இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றான். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நூருன்னிசா அதைக் கேட்டாள்.

ஜலீல் அத்தாவின் முகத்தைப் பார்த்தான். அழவில்லை. நேரே அம்மாவிடம் வந்து உட்கார்ந்தான்.

"பரக்கத் மாமி சொன்னாங்க. நீயாச்சும் தண்ணி குடுத்தியே," என்று அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

எடுத்தவன் உடனே விடவில்லை. முழங்கை வரைக்கும் உப்பு வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ரவிக்கைக் கை மொரமொரவென்று நின்றது. சின்ன வயதில் அவன் கையும் இப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் நக்கிப் பார்க்கட்டுமா என்று கேலி செய்வார்கள். ஜலீல் கூடத்துப் பக்கம் திரும்பினான். தொட்டியில் மக்கு மிதந்துகொண்டிருந்தது.

நூருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை கேட்டால் சொல்லிவிடலாம் என்றிருந்தது. கேட்டுவிடப் போகிறானே என்று பயமாகவும் இருந்தது. அவன் கேட்கவில்லை.

கொல்லையில் வேட்டியைத் திரைகட்டி ஆண்கள் குளிப்பாட்டினார்கள். அவள் பின்வாசல் கதவுக்கு உட்புறம் சாய்ந்து நின்றாள். பள்ளிவாசல் அஜ்ரத்தின் குரல் நிதானமாகக் கேட்டது.

"வலது பக்கத்துலேந்து ஆரம்பி ஜலீலு. மெதுவா. மொண்டு ஊத்து."

தண்ணீர் விழுந்தது.

"இன்னும் மொண்டு ஊத்து."

நூருன்னிசா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பெண்கள் அவளைப் பிடித்துவந்து உட்கார வைத்தார்கள்.

அறையில் மையத்தைச் சுற்றும் கஃபன் துணியை விரித்தார்கள். பரக்கத் பீவி கையை நீட்டினாள்.

"நூரு, மிச்ச ஜம்ஜம் தண்ணியக் கொண்டா. துணியில தெளிக்கணும்."

நூருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் அத்தனை பெண்கள். மெழுகு உடையாத போத்தலை எல்லாருக்கும் முன்னால் எப்படி நீட்டுவாள்? சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ இரு," என்றான் ஈரக் கையோடு உள்ளே வந்த ஜலீல். "எங்க இருக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள். "அலமாரியில. பொடவைக்கு அடியில."

தண்ணீர் கொடுத்த போத்தலை யாராவது புடவைக்கு அடியில் வைப்பார்களா என்று கேட்க அங்கே ஒருத்திக்கும் தோன்றவில்லை, நல்லவேளை. அவன் பக்கத்து அறைக்குப் போனான். அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. வெகுநேரம் வேறு சத்தம் வரவில்லை. பரக்கத் பீவி, "இன்னாடா தேடறே?" என்று குரல் கொடுத்தாள்.

ஜலீல் வந்தான். போத்தலின் வாயில் மெழுகு இல்லை. தண்ணீர் பாதிக்குக் கீழே இருந்தது. அவன் மோவாயும் சட்டையின் நெஞ்சுப் பக்கமும் நனைந்திருந்தன. குளிப்பாட்டிவிட்டு வருகிறவன், நனையாமல் இருப்பானா என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

பரக்கத் பீவி போத்தலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "பாருங்கடி. என் தம்பி குடிச்ச மிச்சம்," என்றாள். உள்ளங்கையில் விட்டுத் துணியில் தெளிக்கும்போது அவளுக்கு விம்மல் வெடித்தது. காலையில் அழுது முடித்தபின் கெட்டியாக நின்ற பொம்பளை அப்போதுதான் உடைந்தாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள். தேசப்பனும் தள்ளித் தள்ளிப் பின்னால் நடந்து போனதாகச் சொன்னார்கள். கேன்கள் இரண்டும் வாசல் ஓரத்திலேயே இருந்தன.

பொழுது சாய்ந்து மக்ரிபு தொழுகைக்குப் பிறகு வீடு காலியாயிற்று. பரக்கத் பீவி பாயில் சுருண்டு கிடந்தாள். நூருன்னிசா புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தாவுக்கென்று ஒதுக்கிய மூலையில் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். இனி நாலு மாதம் பத்து நாள் அவளுக்கு இந்தச் சுவர்தான். ஜலீல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

விளக்கு அணைந்தது. கூடத்தில் மோட்டார் நின்றது.

ஜலீல் பழக்கத்தில் சட்டென்று எழுந்தான். இருட்டில் அவள் கை எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"உக்காரு."

"அம்மா, மீனு..."

"எங்கயும் போவாதே. எங்கூடவே இரு."

அவன் உட்கார்ந்தான். பிறகு கூடத்திலிருந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும் சத்தம் லேசாகக் கேட்கத் தொடங்கியது. அவள் அவன் கையை விடவில்லை.