நாக்கு ஒட்டிய பந்து

பந்துக்குள்ளே அரிசி இருக்கிறதா என்று ரப்பர் தோட்டத்து வாசலில் நின்ற மாத்தா போலீஸ்காரர் முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தார். அவர்மேலும் தப்பில்லை. சைக்கிள் பம்புக்குள் அரிசியை அடைத்துக் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோன மலாயா அவசரகாலம் அது.

"என்ச்சே, போலா லா, வெறும் போலா!" என்று, வெறும் பந்துதான் என்பதை மலாயில் சொல்லி, ரெம்பியா ஊர்க் கடைக்காரர் சிவசாமி கெஞ்சிக்கொண்டிருந்தார். பின்னால் சேவலை இடுக்கிக்கொண்டு நின்ற சிசிலியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்று அந்தோணியார் திருநாள். பூசை முடிந்ததும் காணிக்கைகளை ஏலம் விடுவார்கள். ஏலம் கூறுவது சாமிக்கண்ணு. அவர் முருக பக்தர்தான், ஆனாலும் முள்கம்பிக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற குரல் தோட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான். பூசணிக்காய் போனது, சேவல் போனது. பிறகு சிவசாமி காணிக்கையாகக் கொடுத்த காற்றுப்போன பந்து மேசைக்கு வந்தது.

"ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி நம்ம தோட்டம் கப்பு அடிச்ச பந்து! அந்தோணிராஜ் கோல் போட்ட பந்து!"

சிசிலியாவின் சிரிப்பு நின்றது. அந்தோணிராஜ் அவள் அண்ணன். சயாம் ரயில் போடப் போனவன் திரும்பவில்லை. படம் இல்லை, கல்லறை இல்லை. இப்போது எல்லாரும் கைநாட்டு வைத்து வாங்கிய அடையாள அட்டைகூட அவனுக்கு இல்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஜார்ஜ் பந்தைக் கிளப்பில் வைக்க ஆசைப்பட்டார். ஆனாலும் சந்தேகம். "போன வருசம் அந்தக் கப்பு ஆட்டத்து நடுவர் விசிலுன்னு சிவசாமி குடுத்தது, இவரு கடையிலேயே விக்கத் தொங்குனதுலா. சாட்சி இருந்தா கேக்குறேன்."

கூட்டம் சிரித்தது. சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. கப்பு அடித்த அன்று கேப்டன் அவர்தான். பாதி ஆட்டத்தில் முடிச்சுக்கு அடியில் இருக்கும் தோல் நாக்கு பிய்ந்துபோக, அந்தோணிராஜ் ரப்பர் பால் தடவி ஒட்டினான். ஓடிப்போய் ரப்பர் மரத்தில் கட்டிய மங்கிலிருந்து பால் எடுத்து வந்தது தங்கச்சி.

"சிசிலியா, நீயே பாரும்மா. நாக்குல பால் இருந்தா நம்ம பந்து."

அவள் பந்தை மடியில் வாங்கினாள். அதுவாகவே இருக்கட்டும் என்று மனது அடித்துக்கொண்டது. வாரை விலக்கினாள். நாக்கைச் சுற்றி வரிசையாகப் புது நூல் தையல். ஆமாம் என்று சொல்லிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் யாரோ உதைத்த பந்துக்கு அண்ணன் பேரை வைப்பதா?

"இது இல்லண்ணே. இது தையல் போட்டிருக்கு."

"ஐயோ தங்கச்சி, அது நான் தைக்கக் குடுத்தது!" சிவசாமி பதறினார். "பிஞ்சி தொங்குச்சு, கிளேபாங் ஊர்ல செருப்பு தைக்கிறவன்கிட்ட குடுத்தேன். விசிலுக்குப் பொய் சொன்னேன், ஒத்துக்கிறேன். இதுக்குச் சொல்லல!"

"விசிலுக்கு இப்பதான் ஒத்துக்கிறாரு!" என்றது ஒரு குரல்.

சிசிலியா தையலுக்கு அடியில் விரலை நுழைத்தாள். ஏதோ தடித்திருந்தது. தலைக் கொண்டை ஊசியால் நாலு தையலை நெம்பி, நாக்கைப் புரட்டினாள். காய்ந்து தேன் நிறமான பழைய பால். நடுவில் ஒரு குழி. காயும்வரை யாரோ கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்த குழி, வரி வரியாய்.

"அந்தப் பந்துதாண்ணே" என்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானும் ஏலம் கேக்கலாமில்ல? சாவல் கோயிலுக்குக் குடுத்தாச்சு. பந்துக்கு என் அடைகோழி. முட்டையோட."

ஜார்ஜ் பாதி தூக்கிய கையைத் தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார்.

"அடைகோழி, ஒரு தரம்!" ஊரடங்குக்கு வாசலைச் சாத்தும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சாமிக்கண்ணு அவசரப்படவில்லை. "அடைகோழி... ரெண்டு தரம்..."

சிசிலியா அந்தக் குழியில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். விரலைச் சுற்றி இன்னும் இடம் இருந்தது.