மூன்றாவது வயர்

லோரியிலிருந்து வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த பாலனின் பக்கத்தில் வந்து நின்று, அடுத்த வீட்டு அன்னம்மா துக்கம் விசாரிக்கிற குரலிலேயே கேட்டாள்.

"கரண்டு அடிச்சிருச்சாமே, தம்பி?"

பாலன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். யார் சொன்னது என்று கேட்டுப் பயனில்லை. ஈஜோக்கில் அந்தத் தெருவில் ஒரு செய்திக்குத் தாய் தகப்பன் கிடையாது. டாக்டர் நேற்று மத்தியானமே வந்து பார்த்து, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் மாரடைப்பில் தெருவுக்கு என்ன இருக்கிறது? பாதிப் பேர் அதில்தான் போகிறார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி ரிட்டயரான பெரிய கிராணி விசுவலிங்கம், அறுபத்தெட்டு வயதில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் கட்டப் புறப்பட்டு, அதன் முன்னால் கையில் ஸ்குரு டிரைவரோடு விழுந்து கிடந்தார் என்றால் அது வேறு. அந்தக் கம்ப்யூட்டருக்கு பிளக் மாட்டியவன், கிராணி நாலு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மருமகன் இந்தப் பாலன்தான் என்றால், தெருவுக்குப் பசியாற வேறெதுவும் வேண்டியதில்லை.

"ஹார்ட் அட்டேக்குன்னுதான் டாக்டர் சொன்னாரு, க்கா."

"அதையேதான் நானும் எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றாள் அன்னம்மா. சொல்லியிருக்க மாட்டாள்.

பாலனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நேற்றிலிருந்து அவனை உட்காரவிடாமல் அடிப்பதும் அதே கேள்விதான். தெருவுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். கம்ப்யூட்டரின் மின்சார வயருக்குள் மூன்று கம்பிகள். மூன்றாவது, பச்சை, எர்த். பெட்டிக்குள் கரண்டு கசிந்தால் அது ஆள்மேல் ஏறாமல் மண்ணுக்குப் போகும் வழி. அந்தப் பச்சை வயரைத்தான் மூன்று மாதத்துக்கு முன் அவன் வெட்டி மடக்கி, கறுப்பு டேப் சுற்றி விட்டிருந்தான்.

காரணம் அற்பமானது. கம்ப்யூட்டரோடு வந்தது மூன்று முள் பிளக். முன்னறைச் சுவரில் இருந்ததோ வெள்ளைக்காரன் காலத்து இரண்டு ஓட்டை. மூன்று ஓட்டை இருந்த ஒரே இடம் அடுப்படி. அங்கே பிரிட்ஜ் ஓடியது, மாமி பூரணம் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் புது சோக்கெட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, இரண்டு முள் பிளக்கை மாட்டிக் கொடுத்தான் பாலன். கோலசிலாங்கூரில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன். வருகிறவர்களுக்கெல்லாம் எர்த் பற்றிப் பிரசங்கம் வைக்கிறவன். அடுத்த வாரம் என்பது பன்னிரண்டு தடவை வந்து போனது.

நாற்காலிகள் முடிந்தன. ஐஸ் கரைந்து கூடத்தில் தண்ணீர் ஓடுவதாக உள்ளிருந்து சத்தம் வந்தது. உடலைச் சுற்றி வைக்க செகிஞ்சான் மீன்பிடித் துறையிலிருந்து கொண்டுவந்த ஐஸ். சாம்பிராணியை மீறி லேசாக அதன் ஊர் வாசனை அடித்தது. பாலன் சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். துடைத்தான். துடைத்தபடியே முன்னறைக் கதவைப் பார்த்தான். திறந்துதான் கிடந்தது. மேசைமேல் கம்ப்யூட்டர், அதன்மேல் பழைய ஆங்கிலப் பேப்பர் போர்த்தியிருந்தது. போர்த்தியவன் உமாபதி, பாலனின் மனைவி வாகீஸ்வரியின் அண்ணன். பெட்டாலிங் ஜெயாவில் வங்கி உத்தியோகம். நேற்றுச் சாயந்தரம் வந்து இறங்கியதும் அந்த அறையைத்தான் முதலில் பார்த்தான்.

"உதை ஒருத்தரும் தொடவேண்டாம்," என்று அந்த வீட்டு யாழ்ப்பாணப் பேச்சில் சுவரைப் பார்த்துச் சொன்னான். "எல்லாம் முடிஞ்ச மறுநாள் என்ட ஃப்ரெண்ட் ஒருத்தன் வருவான், எஞ்சினியர். அவன் செக் பண்ணட்டும்."

சுவருக்குச் சொன்னது யாருக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது.

ஐஸ் தண்ணீரைக் கொல்லையில் பிழிந்துவிட்டு வந்தால், குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்க ஆள் தேடினார்கள். பிடித்தான். பந்தல் கயிறு தளர்ந்திருந்தது. கட்டினான். சட்டைப் பையில் கரண்டு பார்க்கிற டெஸ்ட் பென் இருக்கிறதா என்று ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "கொஞ்சம் உக்காருங்களேன்," என்று வாகீஸ்வரி கூடத்திலிருந்தே வாயசைத்தாள். அவன் உட்காரவில்லை.

விசுவலிங்கம் அந்தக் கம்ப்யூட்டரை முழுதாக ஒரே கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் நாற்பது வருஷம் தோட்டத்தில் ஆட்களின் பெயர் பதிந்தவருக்கு, எல்லாவற்றையும் ஒருவனிடம் வாங்கினால் அவன் ஏமாற்றுவான் என்று ஒரு நம்பிக்கை. போர்டு ஒரு கடையில், கார்டு இன்னொரு கடையில், ஸ்கிரீன் மூன்றாவது கடையில் என்று கோலாலம்பூருக்கு பஸ் ஏறி ஏறி வாங்கிவந்தார். வந்த சாமான் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. மெமரி சிப்புகளில் ஒரு வரிசை வேகம், ஒரு வரிசை மந்தம். போர்டு பாதி எண்ணிவிட்டு நின்றுவிடும். கார்டு கலர் கார்டு, ஸ்கிரீனோ மஞ்சள் எழுத்து மட்டும் காட்டுகிற வகை. கோடு கோடாகச் சுழன்றது. தெருவில் அவர் கேட்காத ஆள் இல்லை, கேபிள் என்றால் வேலி கட்டுகிற கம்பி என்று நினைத்த நாகமணி உட்பட. கடைசியில் வேறு வழியில்லாமல் மகளிடம் சொல்லியனுப்பினார். உன்ட அவரை ஒருக்கா வந்து பார்க்கச் சொல்லு.

பாலன் எந்தத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்தில் பிறந்தானோ, அந்தத் தோட்டத்துக்குத்தான் அவர் கிராணி. அவன் அப்பா அவர் முன்னால் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றவர். அதனால் பாலன் அவரை மாமா என்று அழைத்ததேயில்லை. லயத்துப் பழக்கப்படி ஐயாதான். சனிக்கிழமைதோறும் கடை முடிந்து மோட்டார் சைக்கிளில் வருவான். போர்டில் நாலாவது சுவிட்சு மேலேயா கீழேயா என்பார். மேலே, ஐயா என்பான். அந்தச் சிப்பைக் கழற்றி இந்த வரிசையில் போட்டால் என்ன என்பார். போட்டுப் பார்ப்பார்கள். மாலைக்கு இப்படிப் பத்து வாக்கியம் தேறும். வேறு பேச்சு கிடையாது. இரண்டாவது மாதம் அந்த மேசைக்கு இன்னொரு நாற்காலி வந்திருந்தது. அதைப் பற்றியும் பேச்சு கிடையாது.

சிப்பு விவகாரம் முடிந்தது. மிச்சம் கார்டு ஒன்றுதான். ஸ்கிரீனுக்குப் பொருந்துகிற கார்டை எடுத்துக்கொண்டு நேற்று இரண்டு மணிக்கு வருவதாகப் பாலன் சொல்லியிருந்தான். கிராணி பத்து மணிக்கே மூடியைத் திறந்திருக்கிறார்.

கூடத்தில் தேவாரம் ஆரம்பித்தது. ஆண்கள் எல்லாரும் வாசல் பந்தலுக்குப் போய் நின்றார்கள். உமாபதி லோரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். பாலன் சாக்கைக் கதவோரம் போட்டுவிட்டு முன்னறைக்குள் நுழைந்தான்.

பேப்பரை விலக்கினான். பழைய கலர் கார்டு கழற்றப்பட்டு, தன் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக மேசைமேல் இருந்தது. போர்டில் அதன் இடம் காலி. பிளக் தரையில் கிடந்தது. ஐயாவே உருவினாரா, விழுந்ததும் ஓடிவந்தவர்களில் யாராவது உருவினார்களா, இனி யாரைக் கேட்க முடியும்? கேட்கக்கூடிய ஒன்று அந்தத் தகரப் பெட்டிதான். பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டான்.

கார்டு இல்லாத போர்டு என்ன செய்யும் என்பதை ரிப்பேர்காரன் மறந்துபோனான். பீப் என்று ஒரு நீளம், உடனே இரண்டு குட்டை. தேவாரக்காரர் சரியாக அந்த இடத்தில் மூச்சு வாங்கியிருந்தார். தெருவில் அதைக் கேட்காதவர்கள் பிணமும் தூங்குகிற குழந்தைகளும்தான்.

பாலன் டெஸ்ட் பென்னைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தான். பென்னுக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரகாசமாக இல்லை, மங்கலாக. புறங்கையை வைத்தான். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அவனுக்கு இந்த எறும்பைத் தெரியும். எர்த் இல்லாத பெட்டிகளிலெல்லாம் ஊரும். தொட்டவன் கையை உதறிவிட்டுச் சிரிப்பான். இதில் யாரும் செத்ததில்லை. ஆனால் அப்படித் தொட்டவர்களில் எத்தனை பேருக்கு நெஞ்சு ஏற்கனவே பழுதாக இருந்தது?

வாசலில் நிழல் தட்டியது. மாமி நின்றிருந்தாள். கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் எழுந்து வந்திருக்கிறாள். பின்னால் கூடத்தில் பெண்களின் முணுமுணுப்பு கேட்டது.

"உந்தச் சத்தம்தான்," என்றாள் பூரணம். "நேற்றும் கேட்டது. தேங்காய் துருவிக்கொண்டு நிண்டனான். கொஞ்சம் பொறுத்து விழுந்த சத்தம்."

அப்படியென்றால் விழுந்தபோது பெட்டியில் கரண்டு இருந்திருக்கிறது. பாலன் டெஸ்ட் பென்னை எடுக்கவில்லை. அவள் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, எர்த் வயர நான்தான் வெட்டி விட்டேன். அதான் பொட்டியில லேசா கரண்டு இருக்கு. இது ஆளக் கொல்லாது." தன் புறங்கையைப் பார்த்தான். "ஐயாவோட நெஞ்சுக்கு என்ன செஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியல."

"அவருக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"கை கூசுது எண்டு சொன்னவர். உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவர். சொன்னால் நீங்கள் சாமானைக் கழட்டி வச்சிடுவியளாம்." அவள் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "நேற்று விடியவே நெஞ்சு நோகுது எண்டவர். கையெல்லாம் வேர்வை. ஆசுப்பத்திரிக்குப் போவம் எண்டன். ரெண்டு மணிக்குப் பாலன் வாறான், அதுக்குப் பிறகு பாப்பம் எண்டார். நானும் சரி எண்டிட்டு அடுப்படிக்குப் போயிட்டன்."

நாலு வருஷத்தில் அந்த மனிதர் அவன் பெயரைச் சொல்லி அவன் கேட்டதில்லை.

"உமாபதிக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள் பூரணம். "நீங்கள் உங்கட கதையைச் சொன்னால் நான் என்ட கதையைச் சொல்லவேணும். நாளைக்கு அந்த எஞ்சினியர் வாறதுக்கு முன்னம் உந்த வயரை எங்கையாவது கட்டி விடுங்கோ."

அன்னம்மாவின் தலை கதவில் முளைத்தது. பொம்பளைங்க தேடுகிறார்கள் என்றாள், கண் மட்டும் டெஸ்ட் பென்னில். பூரணம் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். கூடத்தை அடைவதற்குள் அவள் அழுகை எழுந்தது. தெரு திருப்திப்படுகிற அளவுக்கே எழுந்தது. அதில் எவ்வளவு தெருவுக்கு, எவ்வளவு தனக்கு என்று பாலனால் பிரிக்க முடியவில்லை.

அவன் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, டேப்பைச் சுரண்டினான். மூன்று மாதத்துச் சூட்டில் பசை இளகி விரலில் ஒட்டியது. பச்சை வயர் வெளியே வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய், இரும்புக் குழாய், மண்ணுக்குள் இறங்குகிறது. ஒரு முழ வயர் போதும். ஐந்து நிமிஷ வேலை. நாளைக்கு வருகிற எஞ்சினியர் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும், பெட்டியில் ஒன்றும் ஊராது. வேலை சுத்தம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவான். மோட்டார் சைக்கிள் பெட்டியில் வயர் இருந்தது.

அவன் ஜன்னலைத் திறந்தான். குழாயை எட்டித் தொட்டான். சில்லென்று இருந்தது.

"பாலன் எங்க?" வாசலிலிருந்து உமாபதியின் குரல், இந்த முறை சுவருக்கு இல்லை. "அப்பாட பெட்டி தூக்க ஆள் வேணும்."

பாலன் ஜன்னலைச் சாத்தினான். கம்ப்யூட்டர்மேல் பேப்பரைப் பழையபடி போர்த்தினான். பிறகு பச்சை வயரின் நுனியை நகத்தால் உரித்து, செம்பை முறுக்கி நேராக்கி, பிளக்கோடு சேர்த்துப் பேப்பரின் மேலேயே வைத்தான். அறைக்குள் யார் வந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும். அவன் கதையை அது சொல்லட்டும், மாமியின் கதை மாமியிடம் இருக்கட்டும்.

கூடத்தில் அவனுக்கு விட்டிருந்தது சவப்பெட்டியின் முன்பக்கத்து இடது மூலை. வலது மூலையில் உமாபதி. பின்னால் நாகமணியின் இரண்டு மகன்கள். தூக்கியதும் பெட்டி பாலன் பக்கமாகச் சரிந்தது. உமாபதி அவனைவிட ஒரு தலை உயரம். பெண்களிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"கொஞ்சம் நில்லுங்க லா," என்றார் நாகமணி. தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்துப் பாலன் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகினார். போதவில்லை. உருவி, எட்டாக மடித்து மறுபடி செருகினார்.

"இப்ப சரியா?" என்று கேட்டான் உமாபதி, முன்னால் பார்த்தபடியே.

"சரி," என்றான் பாலன்.

படி இறங்கினார்கள்.